ஒரு வாக்கும் ஓராயிரம் ஊகங்களும்

சென்ற மாதம் எங்கள் கிளைக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சு வழக்கம்போல் அரசியல் பக்கம் திரும்பிற்று. "1999-ல் வாஜ்பாய் அரசைக் கவிழ்த்தது யார் மாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "கிரிதர் கமாங்!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். "ஏன் அப்படிச் செய்தார்?" என்றதும் ஆளுக்கொரு பதில். பதவி ஆசை என்றார் ஒருவர், மேலிடத்து மிரட்டல் என்றார் இன்னொருவர், பணம் என்றார் மற்றொருவர். ஆதாரம் மட்டும் யாரிடமும் இல்லை.

நான் பேசாமல் இருந்தேன். காரணம், 1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை, தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, "விலை போய்விட்டான்" என்று உரக்கச் சொன்னவன் நான். அப்போது பக்கத்தில் ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் இருந்தார். மறுவார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டார். அந்த மௌனம் என்னை வெகுநாள் உறுத்தியது. ஆகவே நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கமாங், பழங்குடியினருக்கான கோராபுட் தனித் தொகுதியிலிருந்து 1972 முதல் தொடர்ந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1999 பிப்ரவரி 17 அன்று காங்கிரஸ் அவரை ஒரிஸ்ஸா முதல்வராக்கியது. சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவர், அரசியல் சட்டத்தின் 164-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை அமைச்சராக நீடிக்கலாம். ஒருவர் பாராளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒருசேர உறுப்பினராக இருக்கக் கூடாது என்பதே தடை. அவர் அப்போது சட்டமன்றத்தில் இல்லை. எனவே சட்டப்படி அவர் எம்.பி.தான். வாக்கெடுப்பு நடந்தது, பதவியேற்றுச் சரியாக இரண்டாவது மாதம். ஆட்சேபம் எழுந்தபோது சபாநாயகர் பாலயோகி, முடிவைக் கமாங்கின் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். அவர் வாக்களித்தார். அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. கணக்கைக் கணக்காகவே பார்ப்போம். கமாங் அன்று புவனேஸ்வரத்திலேயே இருந்திருந்தால்? 269-க்கு 269. அரசு ஜெயித்திருக்காது, சமநிலைதான் ஏற்பட்டிருக்கும். 100-வது பிரிவின்படி அப்போதுதான் சபாநாயகருக்கு நிர்ணய வாக்கு. பாலயோகி, அரசை ஆதரித்த தெலுங்கு தேசம் கட்சிக்காரர். ஆயினும் அந்த ஆசனத்தில் அமர்ந்து என்ன செய்திருப்பார் என்பதும் ஊகமே. 2002-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் காலமாகிவிட்டார்.

அதே அவையில் தேசிய மாநாட்டுக் கட்சியின் சைஃபுதீன் சோஸ் இருந்தார். கட்சி அரசை ஆதரிக்க முடிவு செய்திருந்தது. அவர் எதிர்த்து வாக்களித்தார். அவர் கட்சி சொன்னபடி வாக்களித்திருந்தால் 270-க்கு 269 என்று அரசு பிழைத்திருக்கும். ஒருவர் வராமல் இருந்தால் வித்தியாசம் ஒன்று. பக்கம் மாறினால் வித்தியாசம் இரண்டு! விலகி நிற்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் ஐவர் உண்மையிலேயே விலகி நின்றிருந்தால் 269-க்கு 265. இதற்கெல்லாம் முன்பாக, நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற அ.தி.மு.க.வின் 18 பேர் ஆதரவை விலக்காமல் இருந்திருந்தால் இந்த வாக்கெடுப்பே நடந்திராது. ஆயினும் பழி ஒரே ஒருவர் மேல்.

இனி உள்நோக்கத்துக்கு வருவோம். கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு அவர் பயந்திருப்பாரா? அதிகபட்சம் எம்.பி. பதவி போயிருக்கும். முதல்வராக நீடிக்க அவர் எப்படியும் சில மாதங்களில் அதை விட்டாக வேண்டியவர். ஆகவே அந்த பயம் இருந்திருக்க நியாயமில்லை. முதல்வர் பதவி தந்த மேலிடத்துக்கு விசுவாசம் என்பது பொருந்துகிறது. ஆனால் 27 வருஷம் ஒரே கட்சியில் இருந்தவர் அந்தக் கட்சியோடு வாக்களித்ததற்கு ரகசியக் காரணம் எதற்கு? அவர் வராமல் இருந்திருந்தால்தான் காரணம் தேட வேண்டும். கட்சியை மீறியவர் சோஸ். அதன் விலையாக வெளியேற்றப்பட்டார். பின்னாளில் காங்கிரஸில் சேர்ந்து 2006-ல் மத்திய அமைச்சரானார். அதை வைத்து அன்றைய மனசாட்சியைச் சந்தேகிப்பதும் முறையல்ல. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடாது.

ஒரு மாநிலத்தின் முதல்வர் டெல்லி வந்து மத்திய அரசின் தலைவிதியை நிர்ணயிப்பது மரபுக்கு அழகா என்று கேட்டால், இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அது சட்டத்திலுள்ள இடைவெளி. அது இன்னும் அடைக்கப்படவில்லை. 2017 மார்ச்சில் உத்தரப் பிரதேச முதல்வரான யோகி ஆதித்யநாத்தும், ஜனாதிபதி, துணை ஜனாதிபதி தேர்தல்கள் முடிந்த பிறகே செப்டம்பரில் எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். அவரை நாம் யாரும் விலை போனவர் என்று சொல்லவில்லை.

கமாங் 2015-ல் பா.ஜ.க.விலேயே சேர்ந்தார், 2023-ல் விலகினார், 2024-ல் காங்கிரஸுக்கே திரும்பினார். இதிலிருந்தும் ஆளுக்கொரு கதை கட்டலாம்.

உத்தியோகத்தில் சில இலாகா விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். 'உள்நோக்கத்துடன் செய்தார்' என்று எழுதும் முன் கோப்பில் ஆதாரம் இருக்கிறதா என்று பலமுறை புரட்டிப் பார்ப்பேன். அலுவலக நாற்காலியில் கடைப்பிடித்த அந்த ஜாக்கிரதை, வீட்டுச் சோபாவில் உட்கார்ந்ததும் எங்கே போயிற்று? கமாங்குக்குப் பதிலாக நமக்கு வேண்டிய ஒருவர், நமக்குப் பிடித்த அரசைக் காப்பாற்ற அதே வாக்கை அளித்திருந்தால், 'கடமை வீரர்' என்றல்லவா புகழ்ந்திருப்போம்!

நம் சங்கப் பொதுக்குழுவிலும் யாராவது தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினால், "அவருக்கு இதில் என்ன ஆதாயம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அவர் சொல்லும் காரணத்தைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

அன்று எழுந்து போன நண்பர் சில மாதங்களில் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு சந்திக்கவில்லை. எங்கள் கிளையின் அந்த இளைஞரிடம் மட்டும் அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். "அப்படியானால் கவிழ்த்தது யார் மாமா?" என்று மறுபடியும் கேட்டார். "270 பேர்" என்றேன்.