புசல்

உவா மாகாணத் தோட்டங்களில் அரிசிக் கணக்கு நெடுங்காலம் புசலில்தான் நடந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்த சொல் இது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழும் தொழிலாளருக்கான அரிசி விலை புசலுக்கு இவ்வளவு என்றே வகுக்கப்பட்டது. 4 சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். அதாவது ஏறத்தாழ 36.37 லீற்றர். இது கொள்ளளவு, எடையல்ல. ஆகவே கிலோவாக்கும்போது எந்தத் தானியம் என்று கேட்டே ஆகவேண்டும். பதுளை மாவட்டத்து மஹியங்கனை வயல்களில் ஒரு புசல் நெல்லை 20.86 கிலோ என்கிறார்களே, அப்படியானால் அது எடைதானே எனலாம். அது நெல்லுக்கென ஏற்றுக்கொண்ட சராசரி மட்டுமே. உமி நீங்கிய அரிசி அதே கொத்தில் நெருக்கமாக அடைந்து, புசலுக்கு ஏறத்தாழ 29 கிலோ நிற்கும். நெல்லின் எண்ணை அரிசிக்குப் போட்டுப் பழைய தோட்டக் கணக்கை வாசித்தால், புசலுக்கு 8 கிலோ அரிசி காணாமல் போகிறது. ஒரு லயத்துக் குடும்பத்தின் பல நாள் சோறு அது.