தொழுவத்துக்கு வராத தேன்: திண்டிவனம் வட்டாரக் கால்நடை வைத்தியத்தில் ஒரு விடுபடல்

ஓமந்தூர் போன்ற திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில், நுகத்தடி உராய்ந்த கழுத்துப் புண்ணானாலும் கோமாரியில் வெடித்த குளம்பானாலும், கை முதலில் போவது மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும்தான். தேன் புண்ணாற்றும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய செய்தியில்லை. சுசுருத சங்கிதை புண்ணுக்குத் தேனையும் நெய்யையும் சொல்கிறது. சித்த வைத்தியருக்குத் தேன், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அன்றாட அனுபானம். தெரிந்த மருந்து தொழுவத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு விடை வைத்திய நூல்களைவிடத் தேனீயின் வரலாற்றில்தான் தெளிவாகக் கிடைக்கிறது என்பது என் வாதம்.

தென்னாட்டில் தேன் நெடுங்காலம் மலைத்தேனாகவும் பொந்துத்தேனாகவும் கிடைத்த அரிய பண்டம். திருச்சியில் நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை பெட்டித் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அவர் பெயரால் அமைந்த பெட்டி பரவியது. பின்னர் மார்த்தாண்டம் அதன் பெரிய மையமானது. திண்டிவனத்து மானாவாரி மணிலா (நிலக்கடலை) காடுகளில் தேன் அப்படியொரு தொழிலாக வேர்பிடிக்கவில்லை. வளர்ந்த இடங்களிலும் 1991-92இல் பரவிய தாய் சாக்புரூட் நச்சுயிரி தென்னிந்தியக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. புண்ணுக்கு இடும் இன்னொரு தேனீப் பொருளான புரோபோலிஸ் எனும் பிசினின் கதை இன்னும் குறுகியது. மரமொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சேர்த்துக் கூட்டின் சந்துகளை அடைப்பது மேலைத் தேனீயின் பழக்கம். நம் அடுக்குத் தேனீ அதைச் சேர்ப்பதில்லை. மேலைத் தேனீ இந்தியாவில் நிலைகொண்டதே 1960களில், அதுவும் வடக்கே. சுவர் வெடிப்பில் மெழுகோடு பிசினைக் குழைத்துக் கூடு கட்டும் கொசுத்தேனீ இங்கு உண்டு. ஆனால் அதன் கூட்டில் கிடைப்பது ஒரு மாட்டின் குளம்புக்குக்கூடக் காணாது.

எழுதப்படாத வழக்கம் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம்தான். ஆனால் தேசியப் பால்வள வாரியம் பரப்பிவரும் மரபுக் கால்நடை மருந்துகளில் கோமாரிக் குளம்புப் புண்ணுக்கான கலவையைப் பாருங்கள்: குப்பைமேனி, 10 பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள்தூள், வேப்பிலை, மருதாணி, துளசி, நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். எல்லாமே கொல்லையிலும் அடுப்படியிலும் இருப்பவை. புழு வைத்த புண்ணுக்குச் சீத்தா இலை. தேன் எங்கும் இல்லை.

தேனுக்கு வேலை செய்யும் திறன் இல்லாததால் விட்டிருப்பார்கள் என்பது அடுத்த மறுப்பு. இது நிற்காது. தேனின் அடர்ந்த சர்க்கரை கிருமியின் ஈரத்தை உறிஞ்சுகிறது. புண்ணீரோடு கலந்து நீர்த்ததும் அதிலுள்ள நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை விடுகிறது. கென்யாவில் கோமாரி கண்ட பால்மாடுகளுக்குத் தேனும் கேழ்வரகு மாவும் குழைத்துப் பூசிய அனுபவம் 2011இல் ஆய்வாக வெளிவந்தது. கேழ்வரகு நமக்குப் பஞ்சமா என்ன! ஆனால் இதை வைத்து, கடையில் வாங்கிய தேனை அப்படியே புண்ணில் ஊற்றலாம் என்று வாதிடுவோரையும் ஏற்க முடியாது. குதிரைப் புண்களின் கிருமிகளை வைத்து ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 29 தேன்களில் 18இல் பாக்டீரியாவோ பூஞ்சையோ இருந்தது. மிஞ்சிய 11இல் 8, சோதித்த எல்லாக் கிருமிகளையும் அடக்கின. மருத்துவத் தேனைக் காமாக் கதிரால் தூய்மைப்படுத்துவது இதனால்தான். சூடு காட்டினால் அந்த நொதி கெட்டுவிடும் என்பதால், காய்ச்சி வடித்து விற்கும் தேன் அதற்கு மாற்றாகாது.