ஒலியைச் சுருக்கிய பெட்டியின் கதை

பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்பிக்கப்பட்ட வேலை சுருக்குதல். பொருள் கெடாமல் நீண்ட செய்தியைக் குறுக்கி, ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் அடக்க வேண்டும். இசைத்துறையிலும் இத்தகையதோர் உதவி ஆசிரியர் இருக்கிறார் என்பதை அண்மையில்தான் விரிவாக அறிந்துகொண்டேன். அதன் பெயர் கொம்பிரசர்.

வெளிநாட்டில் வேலை செய்தவாறே வீட்டில் பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்யும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, ஒரு வருசம் சேர்த்த காசிலை அனலொக் பஸ் கொம்பிரசர் ஒண்டு வாங்கலாம் எண்டு இருக்கிறன். நீங்கள்தானே எதையும் தேடிப் படிக்கிறனீங்கள், ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ." தேடியபோது கிடைத்தது விலைப்பட்டியல் மட்டுமல்ல, ஒரு வரலாறும்தான்.

ஒலியின் உச்சங்களை அடக்க வேண்டிய தேவை முதலில் வானொலிக்கும் இசைத்தட்டுக்குமே ஏற்பட்டது. அளவுமீறிய ஒலி ஒலிபரப்பியைத் திணறடிக்கும். இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து ஊசியைத் துள்ள வைக்கும். 1950களின் இறுதியில் எஸ்தோனியாவில் பிறந்த ரெயின் நார்மா என்ற பொறியியலாளர் வடிவமைத்த ஃபெயார்சைல்ட் 670, ஸ்டீரியோ இசைத்தட்டு வெட்டுவதற்கென உருவானது. 20 வெற்றிடக் குழாய்களுடன் ஏறத்தாழ 30 கிலோ எடை கொண்டிருந்தது. அதன் ஒற்றைத் தட வடிவமான 660, லண்டன் அபி ரோட் கலையகத்தில் பீட்டில்ஸ் குழுவினரின் குரலுக்கும் முரசுக்கும் பயன்பட்டது. காவலுக்கு வந்த கருவி, ஒலிக்கு நிறம் கொடுக்கும் கருவியாகவும் மாறியது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1971இல் டிபிஎக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் பிளாக்மர், மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் பெருக்கிக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். வி.சி.ஏ. எனப்படும் இச்சிறு உறுப்பு, கனத்த குழாய்கள் செய்த வேலையை விரைவாகவும் துல்லியமாகவும் செய்தது.

1969இல் கொலின் சாண்டர்ஸ் இங்கிலாந்தில் நிறுவிய சொலிட் ஸ்டேட் லொஜிக் நிறுவனம், 1970களின் பிற்பகுதியில் தனது 4000 வரிசைக் கலவை மேசைகளின் நடுப்பகுதியில் வி.சி.ஏ. கொண்ட ஸ்டீரியோ கொம்பிரசர் ஒன்றைப் பொருத்தியது. தனித்தனி வாத்தியங்களையன்றி, முழுக் கலவையும் சேர்ந்து வெளிவரும் இறுதிப் பாதையை, அதாவது 'பஸ்'ஸை, அது கையாண்டது. சுருக்க விகிதம் 2, 4, 10 என மூன்றே தெரிவுகள். விகிதம் 4 எனில், குறித்த எல்லைக்கு மேல் 4 டெசிபல் உயரும் ஒலி 1 டெசிபல் மட்டுமே உயர்ந்து வெளிவரும். ஒரே கை எல்லா வாத்தியங்களையும் சேர்த்து மெல்ல அழுத்துவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுபோல் ஒலிக்கும். கலவையாளர்கள் இதனைப் 'பசை' என்றே அழைக்கின்றனர்.

ஆனால் அந்த மேசையைப் பெரிய கலையகங்களாலேயே வாங்க முடிந்தது. எளியவர்களுக்குக் கதவு திறந்த விதம்தான் இவ்வரலாற்றில் என்னை அதிகம் கவர்ந்தது. டிபிஎக்ஸின் முன்னாள் பொறியியலாளர்கள் 1989இல் தொடங்கிய தாட் கோப்பரேஷன், பிளாக்மரின் பெருக்கியைச் சிறு சில்லுகளாக எவருக்கும் விற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் எர்லண்ட் அந்தக் கொம்பிரசரின் சுற்று வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வெளியிட, சூட்டுக்கோலுடன் அமர்ந்து பலர் தாமே கட்டிக்கொண்டனர். மறுபுறம், எஃப்.எம்.ஆர். ஓடியோவின் ஆர்.என்.சி. 200 டொலருக்கும் குறைவான விலையில் வந்து பெயர் பெற்றது. இன்று வோர்ம் ஓடியோ போன்றவை பழைய மேசையின் வழியைப் பின்பற்றிய பெட்டிகளை, மூலத்தின் விலையில் சிறு பங்குக்கே விற்கின்றன.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலாவது, இரு தடங்களும் ஒன்றாய் இயங்கும் இணைப்பு. இடப்புறம் ஒரு முரசு ஓங்கி ஒலிக்கையில் இடது தடம் மட்டும் தணிந்தால், நடுவில் நிற்கும் பாடகர் வலப்புறம் நகர்ந்துவிடுவார். இரண்டாவது, கட்டுப்பாட்டுப் பாதையில் தாழ்சுர வடிகட்டி. அது இல்லாவிடின் ஒவ்வொரு பெருமுரசு அடிக்கும் முழுப்பாடலும் மூச்சு வாங்கும். மூன்றாவது, படிப்படியாகத் திரும்பும் குமிழ்கள். அடுத்த வாரம் அதே பாடலைத் திருத்த வேண்டுமெனில் பழைய அமைப்பை எண் பார்த்து மீட்கலாம். நான்காவது பெட்டிக்கு வெளியே இருக்கிறது. கணினியிலிருந்து ஒலி வெளியேறி மீண்டும் உள்ளே வர, இடைமுகத்தில் மேலதிகமாக இரு வெளியீடுகளும் இரு உள்ளீடுகளும் வேண்டும். அவை இல்லையேல் அதற்கும் காசு தேவை.

இவற்றையெல்லாம் அவனுக்கு எழுதி அனுப்பினேன். கூடவே ஓர் எச்சரிக்கையும். சுருக்கிய பின் ஒலியை உயர்த்தும் குமிழ் ஒன்று உண்டு. சற்று உரத்து ஒலிப்பதெல்லாம் காதுக்குச் சிறந்ததாகவே தோன்றும். ஆகவே பெட்டியின் முன்னும் பின்னும் ஒலியளவைச் சமப்படுத்திய பின்னரே ஒப்பிட வேண்டும். அப்போதும் வேறுபாடு கேட்டால் மட்டுமே காசைக் கொடுக்கலாம். அதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் இன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

கடந்த வாரம் பதில் எழுதியிருந்தான். நண்பனிடம் ஒரு பெட்டியை இரவல் வாங்கி, சமப்படுத்திக் கேட்டானாம். மூன்று பாடல்களில் ஒன்றில்தான் வேறுபாடு தெரிந்ததாம். இப்போதைக்கு மென்பொருளுடன் பழகப் போவதாகவும், காசில் ஒரு பகுதியை அறையின் எதிரொலியைத் தணிக்கச் செலவிடப் போவதாகவும் எழுதியிருந்தான். நல்ல முடிவென்றே எனக்குப் படுகிறது. செய்தியைப் படிப்பவர் உதவி ஆசிரியரின் பேனாவைக் காணக்கூடாது என்பார்கள் எங்கள் மூத்தவர்கள். அதற்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த பேனா அல்ல என்பதை அவன் என்னைவிட இளவயதிலேயே விளங்கிக்கொண்டான்.