கேம்ப்டோதீக்கா: தலையும் வாலும்

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துக் குப்பியில் இரண்டு பெயர்கள் இருக்கும். நிறுவனம் வைத்தது கேம்ப்டோசார். மருந்தின் பொதுப்பெயர் இரினோடெக்கான். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே சொல்லின் தலையும் வாலும்.

அந்தச் சொல் கேம்ப்டோதீக்கா. சீனத்து மரம் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜோசஃப் டெகேன் 1873-இல் சூட்டிய பேரினப் பெயர். கிரேக்கத்தில் 'காம்ப்டோஸ்' என்றால் வளைந்தது. 'தேக்கே' என்றால் பெட்டி, உறை. அம்மரத்துப் பூவின் மகரந்தப்பைகள் உள்நோக்கி வளைந்திருக்கும், அவ்வளவுதான். நோய்க்கும் பெயருக்கும் அன்று தொடர்பே கிடையாது. ஆனால் இதே 'தேக்கே'யிலிருந்துதான் கிடங்கைக் குறிக்கும் 'அபோதேக்கே' பிறந்தது. ஜெர்மானியர் மருந்துக்கடையை இன்றும் 'அப்போதேக்கே' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரின் 'பூத்தீக்', ஸ்பானியரின் 'போதேகா' எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. மருந்தாவதற்கு முன்பே மரத்தின் பெயரில் மருந்துக்கடையின் வேர் இருந்தது தற்செயல்தான். சொல்லின் பின்னால் அலைபவனுக்கு இதுபோன்ற தற்செயல்களே கூலி.

சீனர்கள் கிரேக்கத்துக்குப் போகவில்லை. 'ஷீ ஷூ', மகிழ்ச்சி மரம் என்று கூப்பிட்டார்கள்.

1966-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் மன்றோ வால், மன்சுக் வாணி குழுவினர் அம்மரத்திலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்து, மரப்பெயரின் வாலில் 'இன்' ஒட்டி கேம்ப்டோதீசின் என்றார்கள். 1970-களில் அதன் சோடியம் உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பை புண்ணாகியது, சோதனை நின்றது. டிஎன்ஏ-வின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் 1 என்ற நொதியை அது முடக்குகிறது என்று 1985-இல் தெரிந்தபின்தான் மறுபடி உயிர் வந்தது. நீரில் நன்றாகக் கரையும்படி மூலக்கூறை மாற்றி இரினோடெக்கானை உருவாக்கியது ஜப்பானின் யாகுல்ட். ஆம், குட்டிப் புட்டியில் புளித்த பால் விற்கும் அதே நிறுவனம். ஜப்பானில் 1994-இலும் அமெரிக்காவில் 1996-இலும் அனுமதி கிடைத்தது.

இந்தியக் கிளை வேறு. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து பம்பாய் சிபா ஆய்வு மையத்துக்குப் போன டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும், மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றில் அதே கேம்ப்டோதீசின் இருப்பதை 1972-இல் வெளியிட்டார்கள். அதன் அன்றைய பெயர் மாப்பியா ஃபீட்டிடா. 'ஃபீட்டிடா' என்றால் நாறுவது. கன்னடத்தில் 'துர்வாசனே மர'. அங்கே மகிழ்ச்சி, இங்கே நாற்றம், சரக்கு ஒன்று. இந்த மரத்தின் இன்றைய பேரினப் பெயர் நோதாபோடைட்டிஸ். அதற்குப் 'போலி அபோடைட்டிஸ்' என்று பொருள்; அபோடைட்டிஸ் வேறொரு பேரினம். பெயர் வைத்தவர்களுக்கு இம்மரத்தின்மேல் என்ன கோபமோ!

பொதுப்பெயர்களை வகுக்கும் உலக சுகாதார நிறுவனம், டோப்போஐசோமரேஸ் 1 நொதியை முடக்கும் மருந்துகளுக்கெல்லாம் 'டெக்கான்' என்ற ஈற்றை ஒதுக்கியது: டோப்போடெக்கான், பெலோடெக்கான். தீக்காவின் மிச்சம் அது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்து டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கானும் அதே ஈற்றைச் சுமக்கிறது.