ஐயாயிரம் ரூபாய் கத்தி!

ஒரு வெண்கலத் துண்டைக் காட்டி, ‘இது ஐயாயிரம் காசுக்குச் சமம்’ என்றால் நம்புவீர்களா? சீனத்து மக்களை நம்பச் சொன்னார் வாங் மாங். கி.பி. 7-ல், குழந்தை வாரிசின் பெயரால் ஆட்சி நடத்தியவர்.

காசு கத்தி வடிவத்தில் இருந்தது. ‘ஒரு கத்தி’ என்ற இரண்டு எழுத்துகளில் மட்டும் தங்கம்! சதுர ஓட்டை போட்ட பழைய ‘வு ஷு’ காசுகள் ஐயாயிரத்துக்கு இது ஒன்று. உலோகமாக எடை போட்டால் இருபது காசுக்குக்கூடத் தேறாது.

கி.பி. 9-ல் அவரே சக்கரவர்த்தி ஆனார். உடனே கத்திக் காசுக்குத் தடை! காரணம்? துரத்தப்பட்ட பழைய ராஜவம்சத்தின் பெயர் ‘லியூ’. அதை எழுதும்போது உள்ளே ‘கத்தி’ என்ற எழுத்து வருகிறதாம்! வு ஷுவும் செல்லாது என்றார்.

அடுத்த வருஷம் பொன், வெள்ளி, ஆமை ஓடு, சோழி, செம்பு என்று 28 வகைப் பணம். சந்தைக்குப் போகிறவன் என்ன செய்வான், பாவம்? பழைய காசையே ஒளித்து வைத்துக்கொண்டான். பிடிபட்டால் எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தல். ஒரு வீட்டில் கள்ளக்காசு வார்த்தால் அக்கம்பக்கத்து வீட்டாரும் அரசாங்க அடிமைகள்.

கி.பி. 23-ல் கலகக்காரர்கள் அரண்மனைக்குள் புகுந்து வாங் மாங்கின் தலையைக் கொய்தார்கள். கி.பி. 40-ல் வு ஷு திரும்ப வந்தது. 621 வரை ஓடியது!