பின்வரிசையின் நான்கு தட்டுகள்

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்திலிருந்து என் அண்ணன் வீடு நடந்துபோகும் தூரம்தான். ஒரு மாலை அங்கே போனபோது, பதினோராம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் தன் கித்தாரை உறைக்குள் போட்டுப் பீரோ மேல் ஏற்றிவைத்திருந்தாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு ஜாஸ் பாட்டு. ஒத்திகையில் மாஸ்டர் சொன்னாராம்: “கித்தார அவன்கிட்ட குடும்மா. நீ முன்னாடி நின்னு பாடு, பார்க்க நல்லாயிருக்கும்.”

“பாட வராதுன்னு இல்ல அத்தை. நான் கேட்டது அது இல்லையே” என்றாள்.

ஒரு பள்ளி இசைக்குழுவின் வரலாற்றைத்தான் அன்று அவளிடம் சொல்ல முடிந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் ஜோன்ஸ் 1909இல் தொடங்கிய பள்ளி பைனி வுட்ஸ். பள்ளிக்கு நிதி திரட்ட மாணவர்களை ஊர் ஊராகப் பாட அனுப்பும் வழக்கம் அங்கே முன்பே இருந்தது. அந்த வழியில் 1937இல் மாணவிகளை மட்டும் கொண்ட ஸ்விங் இசைக்குழு ஒன்றை அவர் அமைத்தார். ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்று பெயர். கறுப்பினப் பெண்களோடு சீன, மெக்சிக, அமெரிக்கப் பூர்வகுடி மரபில் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன், டிரம்ஸ் என்று ஆண்களுடையதாகக் கருதப்பட்ட கருவிகள் எல்லாம் அந்தச் சிறுமிகளின் கைகளில் இருந்தன.

வெறும் வெற்றிக்கதையாக இதைச் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் வாசித்துச் சேர்த்த பணம் பள்ளிக்குப் போனது. சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 1 டாலர், கைச்செலவுக்கு வாரம் 1 டாலர், ஆக வாரத்துக்கு 8 டாலர் கிடைத்ததாகக் குழுவில் இருந்த ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1941இல் குழு பள்ளியிடமிருந்து பிரிந்து, வர்ஜீனியாவின் ஆர்லிங்டனைத் தளமாக்கிக்கொண்டது. நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்மாநிலங்களில் விடுதிகள் இவர்களுக்கு இடம் தராததால் பேருந்திலேயே படுக்கை அமைத்துத் தூங்கினார்கள். 1943இல் சேர்ந்த வெள்ளையின சாக்சபோன் கலைஞர் ராஸ் கிரான், கறுப்பினத்தவரோடு சேர்ந்து பயணம் செய்ததற்காக டெக்சாஸில் ஓர் இரவு சிறையில் இருக்க நேர்ந்தது. 1945இல் ஐரோப்பாவில் இருந்த கறுப்பினப் படைவீரர்களுக்காக வாசித்தார்கள். 1949இல் குழு கலைந்தது.

இந்தக் குழுவில் கித்தார் வாசித்தவர்களில் ஒருவர் ராக்ஸானா லூகாஸ். ஜூலியர்டில் இசை பயின்று 1946இல் சேர்ந்த கார்லைன் ரே இன்னொருவர். ரே கித்தாரும் வாசித்தார், பாடவும் பாடினார். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் பேஸ் கித்தார் கலைஞராகவும் அறியப்பட்டு, 2013இல் மறைந்தார்.

அந்தக் கால ஸ்விங் குழுவில் கித்தார் என்ன செய்தது? தாளத்தின் நான்கு தட்டுகளிலும் தட்டுக்கு ஒரு கார்ட், இரண்டு மூன்று சுரங்களில் அடக்கமாக. இடக்கை விரல்களை உடனே தளர்த்தினால் ஒலி நீளாது. பியானோவின் வழியில் குறுக்கிடாமல், பேஸோடும் டிரம்ஸோடும் ஒட்டிப் போகவேண்டும். இதற்கு இலக்கணமாகச் சொல்லப்படுபவர் கவுன்ட் பேசி குழுவின் ஃப்ரெடி கிரீன். 1937 முதல் 1987 வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தனி ஆவர்த்தனத்துக்கு ஆசைப்படாமல் வாசித்தவர். இன்றும் பள்ளி ஜாஸ் குழுவில் சேரும் கித்தார் மாணவர் முதலில் பழகவேண்டியது இந்த வேலையைத்தான்.

காதில் தனியாக விழாத, ஆனால் எல்லாவற்றையும் தாங்கும் உழைப்பு என்றதும் நமக்கு வீட்டு வேலை நினைவுக்கு வரும். அந்த ஒப்புமையில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஃப்ரெடி கிரீன் பின்வரிசையில் இருந்தால் அதைக் கலைஞனின் கட்டுப்பாடு என்கிறோம். பெண் இருந்தால் அவளுடைய இயல்பு என்று சொல்லிவிடுகிறோம். பின்வரிசை இழிவானதும் அல்ல, பெண்ணுக்கென்று ஒதுக்கியதும் அல்ல. யார் எங்கே உட்காருவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. வடக்கு டகோட்டாவில் பிறந்த மேரி ஆஸ்பார்ன், பதின்வயதில் சார்லி கிறிஸ்டியனின் மின்கித்தாரைக் கேட்டு, அதுபோன்ற கருவியையே வாங்கினார். அவர் முன்னே வந்து தனி வாசித்தார். அதுவும் அவர் முடிவுதான்.

நம் மேடைகளிலும் இந்தக் கேள்வி பழையது. தம்புராவோடு பின்னால் அமரும் பெண்ணை ஏற்ற கண்களுக்குத் தாளக் கருவியோடு அமரும் பெண்ணை ஏற்கத் தயக்கம் இருந்தது. மயிலாடுதுறையில் பிறந்து, திருவல்லிக்கேணியில் ஹரிஹர சர்மாவின் பள்ளியில் கடம் பயின்ற சுகன்யா ராம்கோபால் அந்தத் தயக்கத்தைத் தாண்டி வாசித்தவர். பெண்களை மட்டும் கொண்ட ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற குழுவை 1995இல் அவர் தொடங்கினார்.

அன்று இரவு ஸ்வீட்ஹார்ட்ஸ் குழுவின் பழைய பதிவொன்றை என் கைப்பேசியில் கேட்டோம். டிரம்பெட்டும் சாக்சபோனும் முழங்கின.

“கித்தார் எங்க அத்தை?” என்றாள்.

“தேடிப் பாரு.”

மூன்றாம் முறை கேட்கும்போது அவள் வலக்கை தொடையில் நான்கு நான்காகத் தட்டத் தொடங்கியிருந்தது. பிறகு நாற்காலி போட்டு ஏறி கித்தாரை இறக்கினாள். மாஸ்டரிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.