ஒரு நாளினால் தவறும் கல்வி உரிமை

2007ஆம் ஆண்டு ஈராக்கிலிருந்து தாயகம் திரும்பிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தேசிய காவற்படையினருக்குப் பேரிடியான செய்தியொன்று காத்திருந்தது. அவர்கள் ஈராக்கில் மாத்திரம் ஏறத்தாழ 16 மாதங்கள் கடமையாற்றியிருந்தனர். எனினும், அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோரது கடமை ஆணைகள் 729 நாட்களுக்கே எழுதப்பட்டிருந்தன. கூடுதலான கல்விக் கொடுப்பனவைப் பெறுவதற்கு 730 நாட்கள் தேவைப்பட்டன. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அவர்களது கோப்புகளை மீளாய்வு செய்வதற்கு இராணுவம் இணங்கியது.

பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்விக்குப் பழகிய எமது வாசகர்களுக்கு இந்த ஒரு நாளின் பெறுமதி உடனே புலப்படாமற் போகலாம். அமெரிக்காவில் உயர்கல்வி பெருஞ்செலவுக்குரியது. கல்விச் செலவை ஈடுசெய்வதற்காகவே சீருடை அணியும் இளைஞர், யுவதிகள் அங்கு பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் பகுதிநேரப் படையினர். தேசிய காவற்படையிலும் ஒதுக்குப் படைகளிலும் சேரும் இவர்கள், வழமையாக மாதத்தில் ஒரு வார இறுதியிலும் வருடத்தில் இரு வாரங்களும் பயிற்சி பெறுகின்றனர். ஏனைய நாட்களில் மாணவராகவோ தொழிலாளராகவோ வாழ்கின்றனர்.

படையினருக்கான கல்வி உதவியின் தொடக்கம், 1944 ஜூன் 22ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட ஜி.ஐ. சட்டமாகும். பகுதிநேரப் படையினருக்கென இன்றுள்ள உதவித் திட்டம் 1985இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு வருடங்கள் சேவையாற்ற உடன்பட்டு, பயிற்சிகளுக்கு ஒழுங்காகச் சமுகமளிப்போருக்கு அதிகபட்சம் 36 மாதங்கள் வரை மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். ஆனால் அது சில நூறு டொலர்களே. படையை விட்டு விலகியதும் பொதுவாக அந்த உரிமையும் அற்றுப்போகிறது.

2008இல் நிறைவேற்றப்பட்டு 2009 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதைவிட மிகவும் தாராளமானது. முழுமையான தகுதி பெற்றவருக்கு அரச பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதும், வதிவிடப்படியும் நூற்செலவும் கிடைக்கின்றன. ஆனால் முழுத்தகுதிக்கு மொத்தம் 36 மாதச் செயற்பாட்டுக் கடமை வேண்டும். குறைந்தபட்சம் 90 நாட்கள் கடமையாற்றியோருக்கு ஆரம்பத்தில் 40 சதவீதமே வழங்கப்பட்டது. 2020 ஓகஸ்டில் அது 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வார இறுதிப் பயிற்சி நாட்கள் இக்கணக்கில் சேர்வதில்லை.

சிக்கல் நாட்களின் எண்ணிக்கையுடன் முடிவதில்லை. படையினரை அழைக்கும் ஆணை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எழுதப்பட்டது என்பதே தகுதியைத் தீர்மானிக்கிறது. வெள்ளப் பேரிடரின்போது மாநில ஆளுநரின் அழைப்பில், மாநிலக் கடமையாகப் பணியாற்றும் நாட்கள் இதில் சேர்வதில்லை. மாநிலத்தின் கட்டுப்பாட்டில், சமஷ்டி அரசின் செலவில் ஆற்றப்படும் முழுநேரக் கடமையின் சில வகைகளும் 2011 ஜனவரியில் சட்டம் திருத்தப்படும் வரை விலக்கப்பட்டிருந்தன. முன்கூட்டியே திட்டமிடப்பட்ட பணிகளுக்கென ஒதுக்குப் படையினரை அழைக்கும் பிரிவொன்றின் கீழ் சென்றோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமே நியாயம் வழங்கியது. அதுவரை, ஒரே முகாமில் ஒரே பணியைச் செய்த இருவரில் ஒருவருக்குக் கல்வி உதவி கிடைக்க, மற்றவருக்குக் கிடைக்காத நிலை இருந்தது.

2020இல் வரலாறு மீண்டும் திரும்பியது. கொரோனாத் தொற்றைக் கட்டுப்படுத்த 40,000க்கும் அதிகமான காவற்படையினர் களமிறக்கப்பட்டனர். அவர்களது பணி ஜூன் 24ஆம் திகதி முடிவுறும் என அறிவிக்கப்பட்டபோது, பலருக்கு அது 89ஆவது நாளாக இருந்தது. தேவையானது 90 நாட்கள். கண்டனங்கள் எழுந்த பின்னர் காலம் நீடிக்கப்பட்டது.

ஊதியத்துடன் சீருடையில் பணியாற்றும் ஒவ்வொரு நாளையும் கணக்கில் சேர்க்கும் சட்டமூலமொன்றைப் பிரதிநிதிகள் சபை 2022 ஜனவரியில் நிறைவேற்றியது. செனட் சபையில் நிறைவேறாமையால் அது சட்டமாகவில்லை.

வருடம் முழுவதும் கடமையிலிருப்போரையும் மாதத்தில் இரு நாட்கள் பயிற்சி பெறுவோரையும் சமமாக நடத்துவது முறையா என்ற கேள்வி புறக்கணிக்கத்தக்கதல்ல. நிதிச்சுமை பற்றிய கவலையும் உண்மையானதே. ஆயினும், சேவைக்காலத்துக்கேற்ப விகிதாசார அடிப்படையில் உதவி வழங்கும் முறை ஏற்கனவே உள்ளது. குறைவாகப் பணியாற்றியவர் குறைவாகப் பெறுவது நியாயம். பணியாற்றிய நாளே கணக்கில் வராமற்போவது நியாயமாகாது.

ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை தன் இளமையின் ஆறு வருடங்களை ஈடுவைத்தே இந்தக் கல்வியைப் பெற முனைகிறது. எழுதுவினைஞரின் மேசையில் ஆணைக்கு இடப்படும் இலக்கமும் திகதியும் அந்த உடன்பாட்டின் பயனைப் பறிக்க இடமளிக்கலாகாது. கல்வியை வாக்குறுதியாகக் காட்டி இளைஞரை அழைக்கும் அரசு, அவர்கள் செய்த பணியை அளவுகோலாகக் கொள்ள வேண்டுமேயன்றி, அதற்கு இடப்பட்ட பெயரையல்ல என்பதே எமது கருத்தாகும்.